இருபத்திரண்டு விரல்

மேலத்தேரியில் காலையில் எழுந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, நெஞ்சிலிருந்து மூச்சுப்பெட்டியை உருவித் தட்டுவது. கழுத்தெலும்புக்குக் கீழே, வலப்பக்கம், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துளை. மேசை இழுப்பறைபோலப் பெட்டி அதிலிருந்து வெளியே வரும். மூச்சை அடக்கிக்கொண்டு வாசல்படியில் நாலு தட்டுத் தட்டினால், முந்தின நாளின் செந்தூசி ஒரு கைப்பிடி உதிரும். அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திரும்பச் செருகிக்கொள்வார்கள். அஞ்சாம் குழாயில் முந்நூறு வீடு. முந்நூறு வாசலிலும் ஒரே நேரத்தில் தட் தட்டென்று கேட்கும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கும்.

செவ்வாய்க் கிரகத்தில் முதலில் வந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள். சிவந்த மணல்மேடுகளைப் பார்த்ததும் யாரோ ஒருவர், “நம்ம தேரிக்காடுல்லா இது” என்றார். அதுவே ஊருக்குப் பெயராகிவிட்டது. மேடுகளுக்கு அடியில் குழாய் குழாயாகத் தோண்டி உள்ளே குடியேறினார்கள். பேச்சு கூடவே வந்தது. கடை வந்தது. மன்றம் வந்தது, மெம்பர் வந்தார். நல்ல காற்று மட்டும் வரவில்லை.

தவசிமுத்து மூச்சுப்பெட்டி பழுது பார்க்கிறவன். நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை, கடைக்குப் பின்னாலேயே படுக்கை. தன் பெட்டியைத் தட்டிச் செருகியதும் அவன் செய்யும் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. குழாயின் நடுவில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, வலக்கையை நேரே நீட்டி, எதிர்த்த கடைப்பலகையை விரலால் அளப்பான்.

மேலத்தேரியில் கடைப்பலகைகள் சுவரில் இல்லை. கண்ணில் இருந்தன. ஐந்து வயதில் எல்லோருக்கும் கண்வில்லை பதித்துவிடுவார்கள். குழாய்ச்சுவர் வெறும் சாம்பல் நிறம்தான். கடை எங்கே இருக்கிறது, வழி எங்கே போகிறது என்பதையெல்லாம் கண்வில்லைதான் அந்தச் சுவர்மேல் வரைந்து காட்டும். ஒரு கடைக்கு அடுத்தவர் பார்வையில் எவ்வளவு இடம் என்பதைக் குழாய் மன்றம் நிர்ணயிக்கும். அளவை விரல். கையை நீட்டினால் ஒரு விரல் எவ்வளவு மறைக்குமோ அவ்வளவு இடம்.

தவசியின் கடைக்கு இரண்டு விரல். எதிரே இருந்த வெற்றிவேல் பேரங்காடிக்குப் பதினெட்டு. ஒரு கை விரல் போதாமல், இரண்டு கையையும் மாற்றி மாற்றி வைத்துத்தான் அதை அளக்க வேண்டும். தினமும் அளந்தான். தினமும் பதினெட்டுதான் வந்தது.

பேரங்காடிக்காரன் இப்போது தூக்கியெறியும் மூச்சுப்பெட்டி விற்க ஆரம்பித்திருந்தான். ஒரு வாரம் போட்டுக் கழற்றி வீசிவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம். பழுது பார்க்க யார் வருவார்கள்? மன்றத்து விதி ஒன்று உண்டு. மாதத்துக்கு நாற்பது தலை உள்ளே வராத கடையை மன்றம் எடுத்துக்கொள்ளும். கடைக்காரன் குழிக்குப் போக வேண்டும். குழி என்றால் வெளியே இருக்கும் சுரங்கம். குழிக்குப் போனவன் ஏழு வருஷம் தாங்குவான். தவசியின் தம்பி சுடலைக்கண்ணு ஆறரையிலேயே முடிந்துபோனான். கடைசியில் அவன் நெஞ்சைத் திறந்து பெட்டியை எடுத்தது தவசிதான். உள்ளே பெட்டிக்கு மேல் அரை அங்குலத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது. உளி வைத்துத்தான் பெயர்க்க முடிந்தது.

போன மாதம் தவசியின் கடைக்கு நாற்பத்தாறு தலை வந்தது. இந்த மாதம் நாற்பத்தொன்று.

பலகை பெரிதானால் ஆள் வரும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பேரங்காடியில் கூட்டம் நெரிகிறது, பலகை பதினெட்டு விரல். இதற்கு மேல் என்ன யோசிக்க வேண்டியிருக்கிறது?

மன்றத்து வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு எந்திரம் நின்றது. பெயர் மனுப்பெட்டி. மனுக்களை வாங்குவதும் விதி சொல்வதும் அதன் வேலை. தூங்காது, கோபப்படாது, டீ குடிக்கப் போகாது. அதனாலேயே ஜனங்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. யாரோ அதன் தலையில் சந்தனம் பூசி வைத்திருந்தார்கள். கீல்களில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

“மனுதாரரே, வணக்கம். உங்கள் கோரிக்கை?”

“பலகையப் பெருசாக்கணும். ரெண்டு விரல் இருக்கு. இருபத்திரண்டு வேணும்.”

“பரிந்துரைக்கவில்லை. பத்து விரலுக்கு இப்போதே அனுமதி தருகிறேன். பத்து உங்களுக்குப் போதும்.”

“அதுக்கு மேல போனா என்ன?”

“காரணம் ஒன்பதாம் இணைப்பில் இருக்கிறது. வாசிக்க நான்கு நிமிடம் ஆகும். வாசிக்கட்டுமா?”

தவசி சிரித்துக்கொண்டான். நாற்பத்தாறு வருஷத்தில் எந்த அலுவலகமும் அவனுக்கு எதையும் உடனே கொடுத்ததில்லை. எடுத்த எடுப்பில் பத்து தருகிறேன் என்கிறவனிடம் இருபது இருக்கிறது. காரணம் வாசிக்கட்டுமா என்று கேட்டால், வாசிக்காமல் இருக்க ஏதோ எதிர்பார்க்கிறது. இதுகூடப் புரியாதவன் மேலத்தேரியில் கடை வைக்க முடியாது. மடியிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து அதன் முன்னால் வைத்தான்.

“எனக்கு எண்ணெய் தேவையில்லை, மனுதாரரே.”

“இது சாதா எண்ணெ இல்ல. குழி லிஃப்டுக்குப் போடுதது.”

“எந்த எண்ணெயும் தேவையில்லை.”

“பின்ன ஒனக்கு என்னதான் வேணும்?”

“நீங்கள் ஒன்பதாம் இணைப்பைக் கேட்க வேண்டும்.”

“கேக்கேன், கேக்கேன். பொறவு வாரேன்” என்று டப்பாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு தவசி திரும்பிவிட்டான்.

அவன் கடையை ஒட்டின வீட்டில் மரியபுஷ்பம் இருந்தாள். குழி லிஃப்டை முப்பது வருஷம் ஓட்டினவள். அறுபது தாண்டிவிட்டது, நுரையீரலில் பாதிதான் மிச்சம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தவசியிடம் வந்து பெட்டியைக் கழுவி வாங்கிப் போவாள். அந்த நாற்பத்தொரு தலையில் பதினைந்து அவள் தலைதான்.

அன்றைக்கும் வந்து, கழற்றின பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கடையில் தொங்கிய காற்றுக்குழாயில் வாய் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரொம்பப் பெரிய கையா இருக்கும்போலயக்கா” என்றான் தவசி. “எண்ணெயெல்லாம் தொடமாட்டேங்கு.”

“எந்திரத்துக்குமா கொடுக்கணும்? நீ ஒரு கிறுக்கன்.”

“கொடுக்காம எது நடக்கு? அது கெடக்கட்டும். பலகை வந்தா ஒங்க வாசலும் சேந்துதான் மறையும். விதிப்படி நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்.”

மரியபுஷ்பம் குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

“எங்க வாசல நானே தடவித் தேடணுமா? போடமாட்டேன், போ.”

“யக்கா, கட போயிரும். குழிக்கு அனுப்பிருவானுவ.”

“பலகையப் பாத்தா நான் ஒன் கடைக்கு வாரேன்? வேல சுத்தமா இருக்கு, வாரேன். இன்னும் பத்துப் பேருகிட்டச் சொல்லுதேன், அனுப்பி வைக்கேன். அத விட்டுட்டு என் வாசல அடைக்காத.”

அவள் சொன்னபடி ஐந்து பேரை அனுப்பியும் வைத்தாள். தவசி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. போடமாட்டேன் போ என்றது மட்டும் மனதில் தங்கிவிட்டது. தன் பெட்டியைப் பதினொரு வருஷமாகத் தட்டிக் கொடுக்கிறவனுக்கு ஒரு கையெழுத்துப் போட அவளுக்கு வலிக்கிறது.

அஞ்சாம் குழாய் மெம்பர் மந்திரமூர்த்தி, தவசி சொன்னதையெல்லாம் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

“மனுப்பெட்டி என்ன வே மனுப்பெட்டி? நான் கையெழுத்துப் போட்டா அதால தடுக்க முடியாது. நீரு பத்து, இருபதுன்னு அதுகூடப் போயி நிக்கீரு. அடுத்த மாசம் தலைவர் வாராரு, தெரியும்லா?”

“தெரியும், மெம்பரே.”

“நம்ம குழாயில நடந்து வருவாரு. அவரு மொகம் ஒரு ஒம்பது விரலாவது வேண்டாமா? அவரு மகன் வளந்து வாரவன், அவனுக்கு அஞ்சு. நான் ஏதோ ஓரமா ஒரு நாலு. வாழ்த்துதவங்க பேரெல்லாம் ரெண்டுல அடக்கிருவோம். மிச்சம் ஒமக்கு.”

தவசி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். மிச்சம் இரண்டு.

“ஏற்கெனவே ரெண்டுதான மெம்பரே இருக்கு.”

“அந்த ரெண்டு ஒத்தையில கெடந்த ரெண்டு. இது இருபத்திரண்டுக்குள்ள இருக்குத ரெண்டு. தலைவரப் பாக்குதவன் ஒம்ம பேரப் பாக்காமப் போவானா?”

அது சரியென்றுதான் தவசிக்கும் பட்டது.

“பக்கத்து வீட்டம்மா கையெழுத்துதான் கெடைக்கல.”

“பக்கத்து வீட்ட மாத்திட்டாப் போச்சு. ஒத்த மனுசிக்கு நடுக்குழாயில என்னத்துக்கு வீடு? கடைசியில, லிஃப்டுக்குப் பக்கத்துல ரெண்டு அறை சும்மா கெடக்கு. ஆனா அங்க தூசி சாஸ்தி. நெஞ்சு தாங்கும்னு தொழில்காரன் ஒருத்தன் எழுதிக் கொடுக்கணும்.” மந்திரமூர்த்தி குச்சியைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தார். “அவ பெட்டிய யாரு வே பாக்கா?”

அவள் பெட்டியில் எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு நுரையீரலுக்குப் போகிறது என்று தவசியைவிட அறிந்தவன் அந்தக் குழாயில் இல்லை. நடுக்குழாயிலேயே இரண்டு நாள்தான் தாங்கும். லிஃப்டுப் பக்கம் என்றால் ஒரு நாள். ஒரு நாள் என்றால் தினமும் என் கடைக்கு வரவேண்டியிருக்கும் என்று ஒரு கணக்கு அவன் மனதில் ஓடியது. அந்தக் கணக்கு ஓடியதற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

எழுதிக் கொடுத்தான். ‘நெஞ்சு நல்ல நிலையில் உள்ளது. தூசிப் பகுதியில் வசிக்கத் தகுதி உண்டு.’ கீழே கையெழுத்து, கடை முத்திரை.

மனுப்பெட்டி அதை வாங்கிப் பதிந்துகொண்டது. “உறுப்பினர் ஒப்பம் இருப்பதால் அனுமதிக்கிறேன். மனுதாரர் ஒன்பதாம் இணைப்பைக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இப்போதாவது வாசிக்கட்டுமா?”

“இன்னும் விடமாட்டேங்கு பாரும்” என்றார் மந்திரமூர்த்தி. இருவரும் சிரித்தார்கள்.

மரியபுஷ்பத்தின் சாமான்களை இரண்டு சுமைவண்டிகள் வந்து ஏற்றிப் போயின. அவள் சண்டை போடவில்லை. மாற்றல் உத்தரவின் அடியில் இருந்த முத்திரையை மட்டும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் நன்றாகப் பார்த்தாள். அப்புறம் தவசியைப் பார்த்தாள். அவன் ஒரு பெட்டியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

பலகை ஒரு திங்கட்கிழமை காலையில் ஏறியது. தவசி நடுக்குழாயில் நின்று பார்த்தான். வாய் பிளந்துவிட்டது. தலைவரின் நெற்றி குழாயின் கூரையைத் தொட்டது. மகனின் மீசை பக்கத்து வீட்டுக் கதவை முழுசாக மூடியது. மந்திரமூர்த்தி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கடைவாசலை அடைத்தாற்போல் நின்றார். கீழே, வலது மூலையில், ‘தவசி மூச்சுப்பெட்டிக் கடை’. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, இருபத்திரண்டு விரலையும் அளந்தான். இரண்டு தடவை அளந்தான். பேரங்காடிப் பலகை எதிரில் சோனியாகத் தெரிந்தது.

அன்றைக்கு யாரும் வரவில்லை. முதல் நாள், பார்த்து மிரண்டிருப்பார்கள் என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமையும் யாரும் வரவில்லை. ஜனம் வழக்கம்போலப் போனது, வந்தது. ஒருவராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே! அவ்வளவு பெரிய தலைவரின் முகத்தை உரசிக்கொண்டே தாண்டி, அதே பேச்சைப் பேசிக்கொண்டே நடந்தார்கள். தலையசைத்துவிட்டுப் போகும் தையற்கடைப் பையன்கூடத் திரும்பவில்லை. பொறாமை என்று தவசி முடிவு செய்தான். ஒருத்தன் ஏறினால் இவர்களுக்குப் பொறுக்காது.

புதன்கிழமை உச்சியில் மரியபுஷ்பம் வந்தாள்.

தூரத்திலேயே பார்த்துவிட்டான். சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி வந்தாள். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது. உதட்டோரம் நீலம் பூத்திருந்தது. தவசி தொழில்காரன், பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பெட்டி அடைத்துவிட்டது. இன்னும் கால் மணி நேரம் தாங்கும்.

கருவியை எடுத்து வைத்தான். காற்றுக்குழாயைத் துடைத்து வைத்தான். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டான்.

அவள் கடையைத் தாண்டிப் போனாள்.

பத்தடி போய் நின்றாள். திரும்பி வந்தாள். கடைக்கு நேரே முகத்தை வைத்து அவனை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவனைப் பார்த்ததுபோலக் கண்ணை எடுத்துக்கொண்டு மறுபடி தாண்டிப் போனாள்.

தவசிக்குச் சுருக்கென்றது. முத்திரையைப் பார்த்த நாளின் கோபம் இன்னும் போகவில்லை. சாகும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தும் வைராக்கியம் பார்.

குழிக்குப் போகிற ஒருவனை அவள் நிறுத்தினாள். ஏதோ கேட்டாள். காற்றுமோட்டார் இரைச்சலில் இங்கே கேட்கவில்லை. அவனும் நேரே கடையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான், தலையை ஆட்டிவிட்டுப் போனான். தன்னைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொல்லித் தூற்றுகிறாள் என்று தவசிக்கு உறுதியாகிவிட்டது.

மூன்றாவது தடவை அவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். தையற்கடைச் சுவர் முடிந்து, தவசியின் கடைவாசல் தொடங்கும் இடத்தில் அவள் கை வெறுமைக்குள் நுழைந்தது. நெருப்பைத் தொட்டதுபோலக் கையை உதறி இழுத்துக்கொண்டாள். கண்ணில் பயம் தெரிந்தது.

என் கடையத் தொட்டா கை வெந்துருமோ என்று தவசி பல்லைக் கடித்தான்.

எழுந்து நாலடி வைத்தால் அவள் கையைப் பிடிக்கலாம். யக்கா என்று ஒரு குரல் கொடுக்கலாம். அவன் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கூப்பிடட்டும். ஒரு வாய், தவசின்னு ஒரு வாய் கூப்பிட்டுவிட்டால் ஓடிப் போய்ச் செய்துகொடுக்க அவன் தயார். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.

பத்து நிமிஷம் இருக்கவில்லை. நடுக்குழாய்த் தூசிக்குத்தான் அந்தக் கணக்கு. லிஃப்டுப் பக்கத்துத் தூசிக்கு அவன் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. மரியபுஷ்பம் அவன் வாசலுக்கு இரண்டடி தள்ளி, சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். தவசி ஓடிப் போய்ப் பெட்டியை உருவியபோது அது நிறைந்து, இறுகி, சூடாக இருந்தது. அவளும் சூடாகத்தான் இருந்தாள், மூச்சுத்தான் நூலாக இழுத்தது. கடைசியில் கண்ணைத் திறந்து, தன் முன்னால் குனிந்திருந்த அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க போயிருந்த தம்பி?” என்றாள். “கடையக் காணோமே.”

விசாரணை மனுப்பெட்டியின் முன்னால்தான் நடந்தது. மந்திரமூர்த்தி வந்திருந்தார். எந்திரம், இறந்தவரின் கண்வில்லையில் பதிவாகியிருந்த கடைசி அரைமணி நேரக் காட்சியைப் போட்டுக் காட்டியது.

தவசி பார்த்தான். குழாய் தெரிந்தது. தையற்கடை தெரிந்தது. அதற்கு அடுத்து சாம்பல் நிறச் சுவர். சுவர் நீண்டுகொண்டே போனது. கடை இல்லை, தலைவர் இல்லை, மகன் இல்லை, இருபத்திரண்டு விரலும் இல்லை. காட்சி திரும்பி வந்தது. மறுபடி சுவர். ஒரு கை நீண்டு சுவருக்குள் மணிக்கட்டுவரை போனது, உதறிக்கொண்டு வெளியே வந்தது.

“ஒன்பதாம் இணைப்பை இப்போது வாசிக்கிறேன்” என்றது மனுப்பெட்டி.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பலகைகள் பெருத்துப் பெருத்து, எதிரே வரும் சுமைவண்டி தெரியாமல் ஜனம் அடிபட்டது. அப்போது கண்வில்லைகளில் ஒரு மாற்றம் செய்தார்கள். பத்து விரலுக்கு மேல் போகும் எந்தப் பலகையையும் கண்வில்லை இடைஞ்சல் என்று எடுத்துக்கொள்ளும். அதையும், அது மூடியிருக்கும் இடத்தையும் பார்வையிலிருந்து அழித்துவிட்டு, பாதுகாப்புக்காக அங்கே சுவர் வரைந்துவிடும். நடக்கிறவர் சுவரில் மோதப் போவதில்லை. கடை உரிமம் உள்ளவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் மட்டும் விலக்கு. தங்கள் பலகையை அவர்கள் சரிபார்க்க வேண்டுமல்லவா?

“அப்ப பேரங்காடிப் பலக?” என்றான் தவசி.

“ஆறு வருடமாக யாரும் பார்த்ததில்லை. அங்கே பொருள் பங்கீடு நடப்பதால் தரையில் பச்சைக் கோடு வரையப்படுகிறது. மக்கள் கோட்டைப் பார்த்து நடக்கிறார்கள்.”

“இத ஏன் யாருக்குமே சொல்லல?”

“சொன்னோம், மனுதாரரே. பதினான்கு விரல் அளவில் அறிவிப்புப் பலகை வைத்தோம். மூன்று மாதம் இருந்தது.”

தவசிக்கு நினைவு வந்தது. மன்றத்து வாசலில், முகம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்தாக ஒரு பெரிய பலகை இருந்தது. தினமும் அளந்திருக்கிறான். ஒருநாளும் வாசித்ததில்லை.

அவன் மந்திரமூர்த்தியைப் பார்த்தான். “மெம்பரே, ஒங்க மொகத்த ஆறு வருசமா ஒருத்தனும் பாக்கலயாம்.”

மந்திரமூர்த்திக்கு அதிர்ச்சியாக இருந்ததாகத் தெரியவில்லை.

“ஜனம் பாத்தா என்ன வே, பாக்காட்டி என்ன? தலைவரும் மன்றத்து மெம்பர்லா? அவரு கண்ணுக்குத் தெரியும். எனக்கும் தெரியுது.” எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “வேற யாருக்குத் தெரியணும்?”

வழி தவறியதால் ஏற்பட்ட மரணம் என்று எந்திரம் பதிவு செய்தது. நெஞ்சு நல்ல நிலையில் உள்ளது என்று தொழில்காரரின் சான்று இருந்ததால் வேறு காரணம் எழுத இடமில்லை.

சாயங்காலமே மந்திரமூர்த்தி ஒரு கண்ணீர் அஞ்சலிப் பலகை ஏற்றினார். முப்பது விரல். தலைவர் துயரத்தோடு வானத்தைப் பார்த்தார், மகன் பூமியைப் பார்த்தான், மந்திரமூர்த்தி கைகூப்பினார். மரியபுஷ்பத்தின் படம் கட்டைவிரல் நகம் அளவுக்கு மேல் மூலையில் இருந்தது. குழாயில் பதினேழு கடைக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அவளை முப்பது வருஷமாகத் தெரிந்த குழிக்காரர்கள் அதை உரசிக்கொண்டே தாண்டி வேலைக்குப் போனார்கள்.

மாத முடிவில் தவசியின் கடைத் தலைக்கணக்கு பதினேழு. எல்லாம் பலகை ஏறுவதற்கு முன்னால் வந்த தலை. மனுப்பெட்டியிடம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தான். குழிக்கு மறுநாள் காலையில் வரச் சொன்னது. “வணக்கம், மனுதாரரே” என்றது. அந்தக் குரலில் வழக்கத்துக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் கண் ஒரு தடவை மினுக்கியது. விலக்கு போய்விட்டது. அஞ்சாம் குழாய் சட்டென்று காலியானது. தலைவர்கள், மகன்கள், கூப்பின கைகள், பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே வீச்சில் துடைத்துப் போயின. நீளமான சாம்பல் குழாய். நடுவில் ஜனம் அமைதியாக நடந்துகொண்டிருந்தது. ஆறு வருஷமாக எல்லோரும் ஏதோ ஒன்றில் தலையை முட்டிக்கொண்டு போவதாக அவன் நினைத்திருந்தான். முட்டிக்கொண்டிருந்தவன் அவன் மட்டும்தான்.

கருவிகளை எடுத்துக்கொள்ளக் கடைக்குப் போனான். தையற்கடை முடிந்தது. அப்புறம் சுவர். அங்கேதான் கடை இருக்கிறது என்று தெரிந்தும் கால் நகரவில்லை. கையை நீட்டினான். கை சுவருக்குள் போனது. நெருப்பைத் தொட்டதுபோல உதறி இழுத்துக்கொண்டான்.

“உள்ள வாங்க அண்ணாச்சி, பயப்படாதீக” என்றது சுவர்.

கடையைப் புதிதாக எடுத்திருந்த எசக்கிராஜின் குரல். முப்பது வயது, நேற்றுவரை ஏழாம் குழாயில் பாசிப் பண்ணையில் வேலை பார்த்தவன். பாசி அல்வா போடப் போகிறான் என்று கேள்வி.

“ஒங்க சாமானெல்லாம் மூட்டையாக் கட்டி வச்சிருக்கேன். இந்தாங்க.” சுவரிலிருந்து ஒரு மூட்டை வந்து தவசியின் காலடியில் உட்கார்ந்தது. “பலகையப் பாத்தேன் அண்ணாச்சி. அம்சமா இருக்கு. ஆனா அல்வாக் கடைக்கு இது பத்தாது. முப்பதாக்கலாம்னு மனு எழுதிட்டேன்.”

தவசி மூட்டையைத் தூக்கினான். போயிருக்கலாம். மரியபுஷ்பம் சரிந்து உட்கார்ந்த இடம் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

“முப்பது வேண்டாம்” என்றான். “பத்து போதும்.”

“ஏன் அண்ணாச்சி?”

“ஒம்பதாம் இணைப்புன்னு ஒண்ணு இருக்கு. மனுப்பெட்டிகிட்டக் கேளும், வாசிக்கும். நாலே நிமிசம். இல்ல, நானே சொல்லுதேன்.”

சுவருக்குள் சின்னதாக ஒரு சிரிப்பு கேட்டது. தவசிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். எண்ணெய் டப்பாவோடு நின்றபோது அவன் சிரித்த அதே சிரிப்பு.

“புரியுது அண்ணாச்சி. கட ஒங்க கையில இருந்து வாரது. நான் ஒங்களக் கவனிக்காம ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்?”

சுவரிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் இரண்டு புதிய மூச்சுப்பெட்டிகள். பேரங்காடியின் முதல் தரம், வாரத்தில் வீசும் ரகம் இல்லை, உறை பிரிக்காதது. தவசி தொழில்காரன், பார்த்ததும் தெரிந்தது. குழித்தூசியில் ஒன்று எட்டு மாதம் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷமும் நாலு மாதமும்.

கை காத்திருந்தது.

தவசிமுத்து இரண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

“முப்பதே போடும்” என்றான். “எடுப்பா இருக்கும்.”